இரு மொழிகளுக்கிடையே ஓர் இதழாளர்: ரூபன் சலசார்

பெரும்பான்மையோர் மொழியில் பேரும் புகழும் ஈட்டிய பின்னர், அவற்றை விடுத்துத் தம் மக்களின் மொழிக்குத் திரும்பியோர் இதழியல் வரலாற்றில் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய ரூபன் சலசாரின் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1928-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள் மெக்சிகோவின் எல்லை நகராகிய சியுதாத் ஹுவாரெசில் அவர் பிறந்தார். ஆற்றிற்கு இப்பால், அமெரிக்க மண்ணிலுள்ள எல் பாசோ நகரில் வளர்ந்தார். வீட்டில் ஸ்பானியமும் பள்ளியில் ஆங்கிலமும் பயின்ற அச்சிறுவனுக்கு, எல்லைக்கோடு என்பது நாள்தோறும் கண்ட காட்சி. எல் பாசோ நாளிதழொன்றில் பணியாற்றிய காலத்தே, 1955-இல், குடித்து மயங்கியவர்போல் நடித்துத் தாமே சிறைப்பட்டு, அச்சிறையின் இழிநிலையை உள்ளிருந்து கண்டு எழுதினார். துணிவு அவருக்கு இயல்பாகவே அமைந்திருந்தது எனலாம்.

1959-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழில் சேர்ந்தார். டொமினிக்கன் குடியரசு, வியட்நாம், மெக்சிகோ நகரம் என அவ்விதழ் அவரை அயல்நாடுகளுக்கு அனுப்பிற்று. எனினும் நாம் வியந்து நோக்குவது 1970-ஆம் ஆண்டில் அவர் எடுத்த முடிவையே. அவ்வாண்டுத் தொடக்கத்தில் கே.எம்.இ.எக்ஸ். என்னும் ஸ்பானியத் தொலைக்காட்சி நிலையத்தின் செய்தி இயக்குநர் பொறுப்பை ஏற்றார். 1962-இல் 34-ஆம் அலைவரிசையில் தோன்றிய நிலையம் அது. பழைய பெட்டிகளில் அதனைக் காணத் தனிக் கருவி வேண்டியிருந்தது. ஸ்பானிய அச்சிதழ் அந்நகருக்குப் புதிதன்று. லா ஒப்பினியோன் 1926 முதலே வெளிவந்தது. ஆயினும் எழுத்தறியா ஏழையரையும் எட்டவல்லது தொலைக்காட்சி அன்றோ! டைம்ஸ் இதழுடன் தொடர்பை அவர் முற்றும் அறுத்துவிடவில்லை. வாரம் ஒரு கட்டுரை ஆங்கிலத்தில் எழுதி, தம் மக்களின் குறைகளை மற்றையோர்க்கு எடுத்துரைத்தார். காவலர் கைகளால் மெக்சிகோ வழியினர் படும் துன்பங்களை நிலையம் வெளியிட்டபோது, காவல்துறையினர் அவரை நேரில் கண்டு அடக்கி வாசிக்குமாறு கூறினர். அவர் இணங்கினாரல்லர்.

1970 ஆகஸ்டு 29. வியட்நாம் போரை எதிர்த்துக் கிழக்கு லாஸ் ஏஞ்சலசில் மெக்சிகோ வழியினர் பல்லாயிரவர் பேரணி நடத்தினர். லகுனா பூங்காவில் கூடியிருந்தோரைக் காவலர் கலைத்தனர், கலவரம் மூண்டது. செய்தி திரட்டச் சென்றிருந்த சலசார், விட்டியர் பெருவழியிலிருந்த சில்வர் டாலர் என்னும் மதுக்கூடத்தில் சற்று அமர்ந்திருந்தார். உள்ளே ஆயுதம் ஏந்தியவன் உளன் எனக் கேள்வியுற்றதாகக் கூறிய மாவட்டக் காவலருள் ஒருவர், கதவுத் திரையை நோக்கிக் கண்ணீர்ப்புகைக் குண்டைச் சுட்டார். சுவரைத் துளைத்துச் செல்லும் வன்மை வாய்ந்த அக்குண்டு சலசாரின் தலையைத் தாக்கிற்று. அவருக்கு அகவை 42. மனைவியும் மக்கள் மூவரும் இருந்தனர்.

மரண விசாரணை பதினாறு நாட்கள் நடைபெற்றது, தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டது. பிறர் கையால் நேர்ந்த இறப்பு என நடுவர் எழுவருள் நால்வர் முடிவு கூறியும், சுட்டவர்மீது வழக்குத் தொடரப்படவில்லை. நீதி அவ்வளவில் நின்றுவிட்டது என்பதே எம் கருத்து. 1973-இல் மாவட்ட ஆட்சி அவர்தம் குடும்பத்திற்கு 7,00,000 டாலர் வழங்கியது. லகுனா பூங்கா சலசார் பூங்கா ஆயிற்று. 2008-இல் அஞ்சல்தலையும் வெளிவந்தது. 2011-இல் கோப்புகளை ஆராய்ந்த தனி அலுவலகம், காவலர் பிழைபட நடந்தனர் என்றும், திட்டமிட்ட கொலை என்பதற்குச் சான்றில்லை என்றும் அறிவித்தது. கிழக்கு லாஸ் ஏஞ்சலசில் அவ்வறிக்கையை ஏற்காதார் பலர்.