திருடிய கைகள் செய்த கேமரா

போனை எடுத்ததும் கேமராவைத்தானே தேடுறீங்க? 1930-களில் சோவியத் யூனியனில் வந்த ‘ஃபெட்’ கேமராவை முதலில் செய்தவங்க யார் தெரியுமா? தெருவில் திருடித் திரிந்த பசங்க!

அவங்களோட வாத்தியார் அன்டன் மகரென்கோ. 1888-ல் உக்ரைனில் பிறந்தவர். உள்நாட்டுப் போரால் தெருவெல்லாம் அநாதைப் பிள்ளைகள் நிறைஞ்சிருந்த 1920-ல், பொல்தாவா பக்கத்தில் இளம் குற்றவாளிகளுக்கான காலனியை ஏற்றார். ஆரம்பம் படுமோசம். பொறுமை இழந்து ஒரு பையனை அடிச்சே விட்டார். பின்னாளில் அதை மறைக்காம எழுதவும் செஞ்சார்.

அப்புறம் செஞ்சதுதான் துணிச்சல். பசங்களோட பழைய குற்றக் கோப்புகளைப் படிக்கிறதையே நிறுத்திட்டார். கொள்ளைக் கும்பலில் இருந்த செமியோனை, தனியா குதிரையில் போய்ப் பெரிய தொகையை வாங்கிவரச் சொன்னார். நீங்க அனுப்புவீங்களா? பணம் முழுசா வந்தது. அவர் எண்ணிக்கூடப் பார்க்கலை.

1927-ல் கார்கிவ் நகரில் தொடங்கிய கம்யூனில் தினம் 4 மணி நேரம் வேலை, 5 மணி நேரம் படிப்பு. முதலில் எலெக்ட்ரிக் டிரில், பிறகு ஜெர்மனியின் லைக்காவைப் பார்த்து கேமரா. துளி அளவு பிசகினாலும் படம் மங்கிடும். அந்த வேலையை நம்பி அவங்ககிட்ட கொடுத்தாங்க. (இதை நடத்தியது ரகசியப் போலீஸ் என்பது வேற சங்கடம்.)

1939-ல் ரயிலிலேயே மகரென்கோ இறந்துட்டார். செமியோன்? அவரும் ஆசிரியராகி, ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லங்களை நடத்தினார்.