நர்சுகள் கால் வலிக்கு அன்றே வழி சொன்ன நைட்டிங்கேல்

கையில் விளக்கோடு நிற்கும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் படத்தை பார்க்காத நர்சு இருக்க முடியாது. இவர் பிறந்த மே 12-ந் தேதிதான் உலக நர்சுகள் தினம். ஆனால் நர்சுகளின் வேலைப்பளு குறைய இவர் போட்ட கண்டிஷன்கள் பலருக்கு தெரியாது.

1820-ல் இத்தாலியில் பிறந்தவர். இங்கிலாந்து பணக்கார வீட்டுப் பெண். அந்த நாளில் நர்சு வேலை என்றாலே கேவலம். வீட்டில் கடும் எதிர்ப்பு.

1853-ல் லண்டன் ஹார்லி தெருவில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றை நடத்த கூப்பிட்டார்கள். சம்பளம் கிடையாது. சேரும் முன்பே கறாராக சொல்லி விட்டார். எல்லா மாடிக்கும் குழாயில் வெந்நீர் வரணும். சாப்பாட்டை மேலே ஏற்ற லிப்ட் வேணும். எந்த நோயாளி மணி அடித்தார் என்று பார்த்ததும் தெரியணும். இல்லாவிட்டால் நர்சு படி ஏறி இறங்கியே ஓய்ந்து போவார், நோயாளியை எப்போது கவனிப்பார் என்பது அவர் கணக்கு. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி துணைக்கு படுத்தவங்களுக்கு இது நல்லாவே புரியும்.

மறு வருடம் கிரிமியா போர். 38 நர்சுகளுடன் துருக்கியில் ஸ்குடாரி ராணுவ ஆஸ்பத்திரிக்கு போனார். அத்தனை பேருக்கும் சில அறைகள்தான். எலித்தொல்லை வேறு. அங்கும் குடித்த நர்சுகளை ஊருக்கே திருப்பி அனுப்பினார்.

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சு பயிற்சி பள்ளி தொடங்கினார். பயிற்சியிலேயே வருடம் 10 பவுண்டு. சாப்பாடு, சீருடை இலவசம். ஆளுக்கொரு தனி அறை. அதுவரை பல ஆஸ்பத்திரிகளில் நர்சுகள் வார்டை ஒட்டியே படுத்து எழுந்தார்கள்.

போரில் வந்த நோயால் பல வருடம் படுக்கையில் இருந்தபடியே எழுதினார். 1910 ஆகஸ்டு 13-ந் தேதி தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 90.