சேரிக்குச் சென்ற பேராசிரியர்

எமது கல்முனைக்கு அயலூரான காரைதீவில் 1892ஆம் ஆண்டு மயில்வாகனனாகப் பிறந்தவரே சுவாமி விபுலானந்தர். கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் அவரும் பயின்றவராதலின், மிஷன் பள்ளி மாணவரான எமக்கு அவர்மீது தனி உரிமையுண்டு. 1924இல் துறவு பூண்டார்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். பகலில் வகுப்பறை, மாலையில் அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரி. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட சிறுவருக்கு அங்கே எழுத்தறிவித்தார். அம்மக்களைத் தனித்தொகுதியாகப் பிரிப்பதை எதிர்த்துக் காந்தியடிகள் 1932இல் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பிருந்த காலம் அது. பேராசிரியர் ஒருவர் சேரியில் நாள்தோறும் அமர்ந்து கற்பித்ததும் சாத்வீகக் கண்டனமேயன்றோ? 1947இல் சுவாமிகள் மறைந்தார்.

வாலிப அன்பர்களே! ஊர்வலத்திற் சேர நாம் முந்துகிறோம், அதுவும் வேண்டியதே. ஆயினும், எமது ஊரார் ஒதுக்கிவைத்த வீடுகளின் வாசலை நாம் மிதித்ததுண்டா? எமது அறப்போர் அவ்வாசலிலிருந்தே தொடங்கட்டும்.