9 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பங்களா!

கோவிலம்பாக்கத்தில் வீடு விற்கப் போகிறவர் முதலில் என்ன செய்கிறார்? சுவருக்கு வர்ணம் அடிக்கிறார். சமையல் மேடைக்குப் பளபளக்கும் கருப்புக் கல் பதிக்கிறார். சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டால், ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கி நிறுத்துகிறவர்களும் உண்டு. எல்லாம் முடிந்த பிறகு, வாங்க வருகிறவரை மேடவாக்கம் சாலைக்கு அழைத்துப் போய் மெட்ரோ ரெயில் வேலையைக் காட்டுகிறார். மாதவரம் - சோழிங்கநல்லூர் பாதை அந்த ஊர் வழியாகத்தான் அமைகிறது.

ரெயில் வந்தால் வீட்டு விலை ஏறும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

ஆனால் ரெயில் வந்ததால் சென்னையில் வீட்டு விலை விழுந்த காலமும் ஒன்று உண்டு. அந்தச் சமயம் பார்த்து ஒரு பெரிய பங்களாவை வாங்கினார், நீண்ட வெண்தாடி வைத்த ஓர் அமெரிக்கர். அவர்தான் கர்னல் ஆல்காட்.

மோசடியைப் பிடித்தவர்

ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1832-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி, நியூஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்ற ஊரில் பிறந்தார். முதலில் அவர் விவசாய நிபுணர். சர்க்கரைச் சோளத்தைப் பற்றி 1857-ல் ஒரு புத்தகமே எழுதினார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் ராணுவத்தில் சேர்ந்தார். பட்டாளத்துக்குச் சரக்கு கொடுத்த காண்டிராக்டர்களின் மோசடிகளைத் துருவிக் கண்டுபிடிப்பது அவருக்கு வேலை. 1865-ல் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்த விசாரணையிலும் அவர் பங்கு பெற்றார். பிறகு வக்கீல் ஆனார்.

கள்ளக் கணக்கைப் பிடிப்பதில் கைதேர்ந்தவர். வாசகர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

1874-ல் ரஷிய நாட்டில் பிறந்த பிளாவட்ஸ்கி அம்மையாரை அவர் சந்தித்தார். மறு ஆண்டு இருவரும் சில நண்பர்களோடு நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கினார்கள். 1879-ல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார்கள். சபைக்கு நிரந்தரமாக ஓர் இடம் தேவைப்பட்டது.

துரைமார் ஊட்டிக்குப் போனார்கள்

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் அடையாறு ஆற்றங்கரையிலும் மற்ற இடங்களிலும் பெரிய பெரிய தோட்ட பங்களாக்களில் குடியிருந்தார்கள். 1873-ல் மேட்டுப்பாளையம் வரை ரெயில் போயிற்று. நீலகிரி மலையடிவாரம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. பெரிய உத்தியோகஸ்தர்கள் வருஷத்தில் பாதி நாளை ஊட்டியில் கழிக்க ஆரம்பித்தார்கள். சென்னை பங்களாக்கள் விலைக்கு வந்தன. கேட்பதற்கு ஆள் இல்லை.

1882-ம் ஆண்டு மே 31-ந் தேதி, சென்னை நண்பர்கள் ஆல்காட்டையும் அம்மையாரையும் ஹடில்ஸ்டன் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார்கள். கம்பெனி காலத்து அதிகாரி ஒருவரின் பெயரைத் தாங்கிய தோட்டம் அது. 27 ஏக்கர். பெரிய வீடு ஒன்று, ஆற்றோரமாகச் சிறிய பங்களாக்கள் இரண்டு, செங்கல்லால் கட்டிய குதிரை லாயம், வண்டிக் கொட்டகை, நீச்சல் குளம், மாமரமும் ஆலமரமும் நிழல் தரும் பாதை, சவுக்குத் தோப்பு. இத்தனைக்கும் விலை சுமார் 9 ஆயிரம் ரூபாய்!

பார்த்தவுடனே இருவருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் கையில் பணம் இல்லை. அய்யலு நாயுடு என்ற அன்பர் ஒரு பகுதி பணம் கொடுத்தார். நீதிபதி முத்துசாமி செட்டி மீதிக்குக் கடன் ஏற்பாடு செய்தார். டிசம்பர் 19-ந் தேதி சபை அடையாற்றில் குடியேறியது. மறு ஆண்டு அன்பர்களிடம் நன்கொடை திரட்டிக் கடனை அடைத்துப் பத்திரத்தையும் கையில் வாங்கிவிட்டார் ஆல்காட். இன்று வீடு வாங்குகிறவர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய இடம் இது. மொட்டை மாடியில் அறை எடுப்பதெல்லாம் பத்திரம் சுத்தமான பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

சுவருக்குப் பின்னால்

மாடியில் அம்மையாருக்கு அறை அமைந்தது. அதை ஒட்டிப் புதிதாக ஓர் அறை எழுப்பினார்கள். அதில் சுவரோடு சேர்த்து ஒரு அலமாரி மாட்டியிருந்தது. மகாத்மாக்களின் கடிதங்கள் அதில் அற்புதமாகத் தோன்றுவதாகச் சொன்னார்கள். பார்க்கப் பலர் வந்தார்கள்.

வீட்டு நிர்வாகம் கூலூம் என்ற தம்பதியின் கையில் இருந்தது. மனைவி அம்மையாருக்குக் கெய்ரோவில் பழக்கமானவள். புருஷனுக்குத் தச்சு வேலை தெரியும். மாடியில் மரவேலையெல்லாம் அவன் பொறுப்பு.

1884 பிப்ரவரியில் ஆல்காட்டும் அம்மையாரும் ஐரோப்பாவுக்குப் போனார்கள். இங்கே சச்சரவு மூண்டது. மே மாதம் கூலூம் தம்பதி வெளியேற்றப்பட்டார்கள். அம்மையாரின் அறைக்குள் போய்ப் பார்த்தால், தள்ளித் திறக்கும் பலகைகளும் சுவரில் ஓட்டையும் இருந்தன!

செப்டம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகை, அம்மையார் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்களை வெளியிட்டது. (இன்று தாம்பரத்தில் இருக்கும் அதே கல்லூரிதான். அப்போது அது ஜார்ஜ் டவுனில் இருந்தது.) அற்புதங்கள் எல்லாம் ஏமாற்று என்பது குற்றச்சாட்டு. கூலூம்தான் ஆள் இல்லாத சமயம் பார்த்துச் சுவரை உடைத்துச் சதி செய்தான் என்பது சபையின் பதில்.

லண்டனில் இத்தகைய அதிசயங்களை ஆராயும் சங்கம் ஒன்று, ஹாட்ஜ்சன் என்பவரை அடையாற்றுக்கு அனுப்பியது. 1885-ல் வெளியான அவருடைய அறிக்கை அம்மையாரை மோசக்காரி என்று முடிவு கட்டியது. நூறு ஆண்டுகள் கழித்து, 1986-ல், அதே சங்கத்தின் சஞ்சிகையில் வெர்னன் ஹாரிசன் என்பவர் அந்த அறிக்கை பாரபட்சமானது என்று எழுதினார். வழக்கு இன்றும் தீரவில்லை.

அது ஒரு புறம் இருக்கட்டும். காண்டிராக்டர்களின் கள்ளத்தனத்தைப் பிடித்த கர்னல், தன் வீட்டு மாடியில் தச்சன் என்ன செய்தான் என்பதைக் கவனிக்கவில்லையே! ரிப்பேர் வேலையை அடுத்தவர் கையில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கதை போதும்.

விற்கவில்லை, கட்டினார்

1885 மார்ச் 31-ந் தேதி பிளாவட்ஸ்கி அம்மையார் உடல் நலம் குன்றி ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். திரும்பி வரவே இல்லை. 1891-ல் லண்டனில் காலமானார்.

வேறொருவராக இருந்தால், பெயர் கெட்ட வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு நாட்டைவிட்டே போயிருப்பார். ஆல்காட் செங்கல்லும் சுண்ணாம்பும் வாங்கினார். 1886 டிசம்பரில் அடையாறு நூல் நிலையத்தைத் திறந்தார். ஏட்டுச் சுவடிகளும் அச்சுப் புத்தகங்களும் சேர்ந்தன. பழைய பங்களாவை இடிக்காமலே அதைச் சுற்றிக் கட்டடம் வளர்ந்தது. நம் அபிப்பிராயத்தில், அந்த வீட்டுக்கு மதிப்பைத் திருப்பிக் கொடுத்தது இந்த நூல் நிலையம்தான். மாடியில் அதிசயம் பார்க்க வந்தவர்களுக்குப் பதிலாகக் கீழே சுவடி படிக்கப் பண்டிதர்கள் வந்தார்கள். இங்கே ஒளிக்க ஒன்றும் இல்லை. கதவைத் திறந்தால் புத்தகம்!

இலங்கையில் அவர் தொடங்கிய பவுத்தப் பள்ளிக்கூட இயக்கம் தனிக் கதை. சென்னையில் 1894-ல் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்தார். பெசன்ட் நகரில் உள்ள ஆல்காட் நினைவுப் பள்ளி அந்த வழியில் வந்ததுதான்.

1907-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி, அடையாறு வீட்டிலேயே ஆல்காட் காலமானார். அவருக்கு வயது 74. அங்கேயே தகனம் நடந்தது. அடுத்து தலைவரான அன்னி பெசன்ட் அம்மையார் அக்கம்பக்கத்துத் தோப்புகளையும் வாங்கிச் சேர்த்தார். 27 ஏக்கராக இருந்த இடம் இன்று 250 ஏக்கருக்கு மேல். பாலத்தைத் தாண்டியதும் கடல் பக்கமாகத் தெரிகிறதே மரக்கூட்டம், அதற்குள்ளேதான் ஹடில்ஸ்டன் துரையின் பழைய வீடு ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறது.