துறைமுகத்தில் ஓர் எழுத்தர்

கல்லூரித் தேர்வில் தோற்றுப் பட்டம் பெறாத இராமானுஜன், 1912 மார்ச் 1ஆம் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அகவை 24, திங்கள் ஊதியம் 30 ரூபாய். அங்குத் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர், முன்பு திருச்சியில் கணிதம் கற்பித்தவர். பகலில் இருவர்க்கும் பேரேடுகள். இரவிலோ, திருவல்லிக்கேணியில் ஐயர் இல்லத்தில் இருவர் மடியிலும் கற்பலகைகள்! பதவியின் உயர்வு தாழ்வு அங்கே தலைகாட்டவில்லை.

ஒரு வரியிலிருந்து மறுவரிக்கு இராமானுஜன் தாவிவிடுவார். இடைப்படிகள் அவர் மனத்திலேயே முடிந்திருக்கும். கணிதம் வல்ல ஐயரே திகைத்தார். தமக்கே விளங்காதது பிறர்க்கு எங்ஙனம் விளங்கும்? இரு படிகளுக்கிடையே பத்துப் படிகளேனும் எழுதுமாறு வற்புறுத்தினார். தமக்குத் தெளிவானதை விரிப்பானேன் என்று இளையவர் தயங்கினார். ஐயர் விடவில்லை, இராமானுஜன் மெல்ல மெல்ல இணங்கினார். இணங்காதிருந்தால் அவர்தம் கண்டுபிடிப்புகள் பல குறிப்பேட்டிலேயே முடங்கியிருக்கக்கூடும்.

துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் அவர் திறத்தை எடுத்துரைத்தவரும் ஐயரே. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதிய மடலில், தாம் துறைமுகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்றே இராமானுஜன் அறிமுகம் செய்துகொண்டார். அவ்வாண்டு மே மாதம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை பெற்று அலுவலகத்தை விட்டு நீங்கினார். 1914 மார்ச் 17ஆம் நாள் அதே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.