தோட்டத்து மக்களுக்காகப் பாடிய மீனாட்சியம்மாள்

தலவாக்கலையில் பஸ் ஏறி லிந்துலை, அக்கரப்பத்தனை தாண்டினால் டயகம வரும். அதற்கப்பால் ஹோர்ட்டன் சமவெளிக் காடு. நான் பிறந்த லயம் அங்கேதான் இருக்கிறது. என் அப்பாயி டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். சிறுமியாக இருந்தபோது ஹட்டனில் ஓர் அம்மாள் மேடையேறிப் பாடியதைத் தகப்பனின் தோளில் இருந்து பார்த்ததாகச் சொல்வார். பெயர் அவருக்கு நினைவில்லை. பல வருடங்கள் கழித்து நூலகமொன்றில்தான் அந்தப் பெயரை நான் கண்டுகொண்டேன். மீனாட்சியம்மாள் நடேசய்யர்.

தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யரை மலையகத்தில் பலருக்குத் தெரியும். தோட்டங்களுக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்தில் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் போய் நிலைமையை அறிந்து வந்தவர் அவர். அவருடைய மனைவி என்ற ஒரு வரியோடு மீனாட்சியம்மாளைப் பலரும் கடந்துவிடுவார்கள். உண்மையில் அவர் எழுதினார், பத்திரிகை வேலை பார்த்தார், பாட்டுக் கட்டினார், கட்டியதைத் தானே மக்கள் முன் நின்று பாடினார்.

அவருடைய பொதுவாழ்வு 1920களில் ‘தேசபக்தன்’ பத்திரிகையோடு விரிகிறது. டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்து, பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று நாடே வாதிட்ட நேரம் அது. கொழும்பின் வசதிபடைத்த பெண்கள் அதற்காகச் சங்கம் அமைத்திருந்தார்கள். மீனாட்சியம்மாள் பெண்களின் உரிமைகளைப் பற்றித் தமிழில் எழுதினார். 1931இல் பெண்களுக்கும் வாக்கு கிடைத்தது. ஆனால் தோட்டத் தொழிலாளரிடம், இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்தான் என்று நிரூபிக்கும்படி கேட்டார்கள். கதவு எங்களுக்குப் பாதிதான் திறந்தது.

அதே 1931இல் நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். வேலையின் மையம் ஹட்டனுக்கு மாறியது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நாட்சம்பளம் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதையும் வெட்டினார்கள். இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாம். ஆனால் விடியமுன் பெரட்டுக்களத்துக்கு ஓடி, பொழுதுசாயக் கூடையோடு திரும்பும் பெண் அதை எப்படிப் படிப்பாள்? பெரும்பாலானோருக்கு எழுத்தே தெரியாது.

அந்த இடத்தில்தான் மீனாட்சியம்மாளின் குரல் தேவைப்பட்டது. கூட்டம் தொடங்குமுன் அவர் பாடுவார். பாரதியின் பாடல்களையும் தன் பாடல்களையும் பாடுவார். மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளில் தன் சொற்களை ஏற்றியிருப்பார். பிரசுரத்தைத் துரையோ கங்காணியோ பறித்துக்கொள்ளலாம். மெட்டோடு மனதில் ஏறிய பாட்டை யாராலும் பறிக்க முடியாது. கொழுந்து பறிக்கும் மலைக்கும் அது போகும், தொட்டிலடிக்கும் போகும். பெண்கள் பொதுமேடையில் நிற்பதே அபூர்வமாக இருந்த நாளில், பாட்டைக் கேட்க வந்தவர்கள் சங்கத்தின் செய்தியையும் கேட்டுப் போனார்கள்.

1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலைநீக்க முடிவானது. அந்த ஜூலையில் நேரு வந்து பேசியும் பலனில்லை. மறு ஆண்டு, 1940இல், மீனாட்சியம்மாள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். தலைப்பு ஓர் அரசாங்க அறிக்கை போல இருக்கும். உள்ளே இருப்பது, காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களை வெளியே போகச் சொல்வது என்ன நியாயம் என்ற கேள்வி. அவர் அழுது பாடவில்லை. ஒன்றுசேரும்படி கேட்டுப் பாடினார்.

நடேசய்யர் 1936இலிருந்து அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக இருந்தார். 1947 நவம்பரில் அவர் காலமானார். அடுத்த வருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம், மீனாட்சியம்மாள் பாட்டில் எச்சரித்ததை நடத்திக் காட்டியது. இலட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவரானார்கள்.

குரலுக்கும் குடியுரிமைக்கும் உள்ள இந்த உறவு எங்கள் மலையோடு முடிவதல்ல. தென்னாபிரிக்காவில் 1950களில் ‘ஸ்கைலார்க்ஸ்’ என்ற பெண்கள் பாடற்குழுவில் பாடியவர் மிரியம் மக்கேபா. 1960இல் தாயின் இறுதிச் சடங்குக்குக்கூட ஊர் திரும்ப முடியாதபடி அவருடைய கடவுச்சீட்டை முடக்கினார்கள். 1963இல் ஐ.நா. முன் நிறவெறிக்கு எதிராகச் சாட்சி சொன்னார், குடியுரிமையையும் பறித்தார்கள். அவர் ஊர் திரும்ப 1990 ஆனது. அவர் திரும்பியதை உலகம் பார்த்தது. எங்கள் சனங்கள் இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியதையும் வவுனியாவுக்கு லொறியேறியதையும் யார் பார்த்தார்கள்?

என் பெரியம்மா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்குப் போய், பின் வன்னிக்குள் குடியேறியது. 2009இல் எல்லாவற்றையும் இழந்து முகாமுக்கு வந்தார்கள். ஒருமுறை டயகமவுக்கு வந்திருந்தபோது, இடிந்துபோன பழைய லயத்து வாசலில் உட்கார்ந்து பெரியம்மா ஒரு மெட்டை முணுமுணுத்தார். அப்பாயி முணுமுணுத்த அதே மெட்டு. சொற்கள் அவரிடமும் இல்லை. அது மீனாட்சியம்மாளுடையதுதான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் மூன்று இடப்பெயர்வுகளில் காணியும் நகையும் போன பின்னும் அது மிஞ்சியிருந்தது.

தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்றாக 1984 வரை செல்லவேண்டியிருந்தது. இன்றும் சந்தாப் பணத்தில் பெரும்பங்கு கொழுந்து பறிக்கும் பெண்களுடையது. மேடையில் முன்வரிசை ஆண்களுடையது. மே தினத்துக்குப் பெண்களை லொறியில் ஏற்றிப் போகும் தலைவர்கள், எண்பது வருடங்களுக்கு முன் அதே ஊர்களில் ஒரு பெண் முதலில் பாட, பிறகே ஆண்கள் பேசினார்கள் என்பதை அறிந்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவர் பெயரைக் கேட்க வேண்டும். பெயர் தெரியாமலே அப்பாயி போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன்.