எர்வின் மார்க்சு
எர்வின் ஒட்டோ மார்க்சு (பெப்ரவரி 15, 1893 - சனவரி 11, 1980) செருமானிய மின்பொறியாளர் ஆவார். உயர் மின்னழுத்தத் துடிப்புகளை உண்டாக்கும் மார்க்சு மின்னாக்கி இவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. கார்ல் மார்க்சு வேறு, இவர் வேறு.

இவர் சாக்சனியில் மௌட்டிட்சு என்னும் ஊரில் பிறந்தார். மின்கம்பிகளை மின்னல் தாக்கும்போது பீங்கான் மின்காப்பான்கள் தாங்குமா என்று சோதிக்க, ஆய்வகத்திலேயே செயற்கை மின்னல் தேவைப்பட்டது. 1924 இல் மார்க்சு விவரித்த வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. பல மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் மின்னேற்றி, தொடர் இணைப்பில் மின்னிறக்குவதே அது. இணைப்பை மாற்றும் வேலையைத் தீப்பொறி இடைவெளிகளே செய்கின்றன. முதல் இடைவெளியில் பொறி பாய்ந்தவுடன் அடுத்ததன் மீதான அழுத்தம் கூடி, ஒவ்வொன்றாக எல்லாம் கடத்தத் தொடங்கும். 1 இலட்சம் வோல்ட்டுக்கு ஏற்றிய 10 மின்தேக்கிகள் இவ்வாறு ஏறத்தாழ 10 இலட்சம் வோல்ட்டு தரும்.

1925 இல் பிரவுன்சுவைக் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் பேராசிரியரானார். நேர்மின்னோட்டத்தில் நெடுந்தொலைவு மின்சாரம் அனுப்ப இவர் உருவாக்கிய மின்வில் திருத்தி நிலைக்கவில்லை. பாதரச வால்வுகளே அவ்விடத்தைப் பிடித்தன.

முதல் பொறி எக்கணத்தில் பாயும் என்பது உறுதியில்லாமையே இவரது மின்சுற்றின் குறை. பொறியைத் தொடக்கிவைக்கும் எதிர்மின்னி வளிமத்தில் எப்போது தோன்றும் என்பது தற்செயலானது. மூன்றாவது மின்முனையொன்றைச் சேர்த்து இதனை ஓரளவு சரிசெய்தனர். 1960 இல் லேசர் தோன்றியது. அதன் ஒளித்துடிப்பை இடைவெளியில் குவித்து, வளிமத்தை அயனாக்கிப் பொறியை மூட்டும் முறையைப் பெண்டில்டன், குந்தர் ஆகியோர் 1965 இல் ஆராய்ந்து வெளியிட்டனர். இம்முறையில் காலப் பிழை நானோநொடி அளவுக்குக் குறைந்தது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்து இசட் எந்திரத்தில் 36 மார்க்சு மின்னாக்கிகள் தரும் ஆற்றலை ஒரே கணத்தில் சேர்ப்பவை, லேசரால் மூட்டப்படும் வளிமச் சொடுக்கிகளே.